இரு நாட்டுப் பள்ளிகள் சேர்ந்து வெயிலை அளக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து மரபுசாரா எரிசக்தித் திட்டம் என்றால், பெரும்பாலும் நடப்பது இதுதான்: காணொளியில் பரஸ்பர வணக்கம், காற்றாலை வரைந்த சார்ட், இரு பக்கமும் ஒரு நடனம், முடிவில் சான்றிதழ். ஐரோப்பியப் பள்ளிகளை இணையவழி கைகோக்கவைக்கும் இ-ட்வின்னிங் தொடங்கியதே 2005-ல். துணைப் பள்ளி தேடுவது இப்போது பெரிய பாடில்லை. கிடைத்த பிறகு எதை அளப்பது, இங்கே எடுத்த அளவையும் அங்கே எடுத்த அளவையும் எப்படி ஒப்பிடுவது என்பதில்தான் முக்கால்வாசித் திட்டங்கள் தடுமாறுகின்றன.

சென்னையையும் பெர்லினையும் எடுத்துக்கொள்வோம். சென்னை வட அட்சம் 13 பாகையில், பெர்லின் 52 அரைப் பாகையில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி அருமையான ஆய்வுக்கூடம்.

தேவையானவை: 6 வோல்ட், 1 வாட் சிறிய சோலார் பேனல் இரண்டு, 1 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, ஆளுக்கொரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், கிளிப் வைத்த ஒயர்கள். ரெசிஸ்டர் ஒரு சதவீதத் துல்லியம் உள்ளதாக இருக்கட்டும். இரண்டு பேனலையும் ஒரே கடையில் வாங்கி, ஒன்றைத் தபாலில் அனுப்புங்கள். கூடவே லித்தியம் பேட்டரி எதையும் வைத்துவிடாதீர்கள். விமானத் தபாலில் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டு பேனலையும் ஒரே வெயிலில், ஒரே பலகையில், அருகருகே வைத்து அளந்து பாருங்கள். மலிவான பேனல்கள் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று 182 மில்லிஆம்பியர், மற்றது 170 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதன் அளவுகளை எல்லாம் 1.07 ஆல் பெருக்க வேண்டும். இந்த எண்ணைப் பேனலின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் பிறகு தெரியும் வித்தியாசம் பெர்லினுடையதா, பேனலுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி அளவீடு. பிள்ளைகள் மீட்டரை நேராகப் பேனலின் இரு முனைகளில் வைப்பார்கள். சென்னையில் 7 வோல்ட். பெர்லினிலும் கிட்டத்தட்ட 7 வோல்ட். உடனே "இரண்டு ஊரிலும் வெயில் ஒன்றுதான்" என்று எழுதிவிடுவார்கள். பேனலில் ஒளியை மின்சாரமாக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு சிலிக்கான் செல். அதன் மின்னழுத்தம் ஒளியோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை. மடக்கை விகிதத்தில்தான் மாறும். ஒளி கால்பங்காகக் குறைந்தாலும், 12 செல் கொண்ட இந்தப் பேனலில் அரை வோல்ட் குறைந்தால் அதிகம். ஒளிக்கு நேர்விகிதத்தில் மாறுவது மின்னோட்டம். ஆகவே பேனலின் இரு முனைகளுக்கு நடுவே அந்த 1 ஓம் ரெசிஸ்டரை இணைத்து, அதன் குறுக்கே மில்லிவோல்ட் அளவிடுங்கள். 150 மில்லிவோல்ட் என்றால் 150 மில்லிஆம்பியர். கணக்கே வேண்டாம். மீட்டரின் ஆம்பியர் பக்கத்தைத் தொடாததால் ஃபியூஸ் போகும் தொல்லையும் இல்லை. மீட்டரின் ஊசிகள் மட்டும் ரெசிஸ்டரின் கால்களையே தொட வேண்டும். கிளிப்பின் மேல் வைத்தால், துருப்பிடித்த கிளிப்பின் தடையும் சேர்ந்து எண் வீங்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, பேனலைத் தரையில் மட்டமாக வைத்து. மற்றது, சூரியனை நேராகப் பார்க்கும்படி சாய்த்து. நேராகப் பார்க்கிறதா என்று அறிய, பேனல் ஓரத்தில் அதன் பரப்புக்குச் செங்குத்தாக ஒரு ஆணி நிறுத்துங்கள். அதன் நிழல் மறையும் இடமே சரியான சாய்வு. பக்கத்தில் நிற்பவர் தலைநிழல் ஒரு செல்லின் மேல் விழுந்தாலும் போதும், எல்லாச் செல்களும் ஒரே வரிசையில் கோத்தவை என்பதால் மொத்த மின்னோட்டமும் படுத்துவிடும். இதை வேண்டுமென்றே ஒரு விரலால் மறைத்துக் காட்டுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

மாதம் பிப்ரவரி நல்லது. டிசம்பரில் இங்கே வடகிழக்குப் பருவமழையும் அரையாண்டுத் தேர்வும். பிப்ரவரி நடுவில் சூரிய உச்சி சென்னையில் கடிகாரப்படி 12 மணி 23 நிமிடத்தை ஒட்டி. பெர்லினில் அந்த ஊர் நேரப்படி 12.20-ஐ ஒட்டி. பள்ளி மணியை நம்பாமல், ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அப்போது சூரியனின் உயரம் சென்னையில் 64 பாகை, பெர்லினில் சுமார் 25. தெளிந்த வானத்தில், மட்டமாக வைத்த பேனல் பெர்லினில் சென்னையின் பாதியைக்கூடத் தராது. சூரியனைப் பார்த்துச் சாய்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும். குளிர்கால வெயில் பலவீனமாக இருப்பதில் சாய்வுக்கு எவ்வளவு பங்கு, காற்றுமண்டலத்தில் கடக்கும் கூடுதல் தூரத்துக்கு எவ்வளவு பங்கு என்று இந்த இரண்டு எண்களிலிருந்தே பிரித்துப் பார்க்கலாம்.

ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு மின்னழுத்தத்தையும் குறித்து வையுங்கள். அதில்தான் வேடிக்கை. பெர்லின் எண் சென்னையைவிட அதிகமாக வரக்கூடும்! சூடு ஏற ஏற ஒவ்வொரு செல்லும் ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இழக்கிறது. நம் பேனல் 55 பாகையில் கொதிக்க, அவர்களுடையது 15 பாகையில் இருந்தால், 12 செல்லுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு வோல்ட் வித்தியாசம். பேனலின் முதுகில் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டிவைத்தால் காரணம் தானாகப் பிடிபடும்.

பகிர்ந்துகொள்ளும் அட்டவணையில் ஒரு பொறி உண்டு. ஜெர்மானியர் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 6,85 என்று அவர்கள் இடுவதை நம் கணினி எண்ணாகவே எடுக்காமல் போகலாம். மில்லிவோல்ட்டில் முழு எண்ணாக எழுதுவது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பேசுவதற்குக் குளிர்காலத்தில் நமக்கு மதியம் இரண்டரை மணி தோது. அங்கே காலை பத்து.

பிப்ரவரியோடு நிறுத்திவிடாமல், ஜூனில் பள்ளி திறந்ததும் மறுபடி அளந்துவிடுங்கள். பெர்லினில் பகல் அப்போது பதினாறரை மணி நேரத்துக்கும் மேல், நமக்குப் பதின்மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மேகமில்லாத நாளில், நாள் முழுவதுக்குமான கணக்கில் அவர்கள் நம்மை முந்தவும் கூடும். அந்த மாதம் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். "பேனல் என்றால் தெற்கு பார்த்துச் சாய்க்க வேண்டும்" என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் ஆணியின் நிழல் தெற்கே விழுவதைப் பார்த்துப் பேனலைத் திருப்பட்டும். எந்தப் பக்கம் திருப்பினார்கள், ஏன் என்பதை அட்டவணையில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.