குளிக்கும்போது மனசு எங்கே போகிறது?

வணக்கம் மக்களே. மதுரை புது நத்தம் ரோட்டில், கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வெளியே நின்று பேசுகிறேன். 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து, குரூப் தேர்வுக்குப் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இது பெரிய ஆதரவு. ஆனால் இவ்வளவு அமைதியான இடத்திலும் படிப்பு ஏன் ஓட மாட்டேன் என்கிறது?

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறார். ஊரில் பங்காளிகளோடு வரப்புத் தகராறு. அடிப்படை உரிமைகள் பாடம் திறந்திருக்கிறது. பென்சிலால் கோடு போட்ட வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறார். சட்டத்தின் முன் சமம் என்பது 14ஆவது பிரிவா, 15ஆ என்று மனசில் நிற்கவில்லை. உள்ளே பெரியப்பாவோடு வாக்குவாதம் நடக்கிறது.

இதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால், கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். வரப்புத் தகராறு ஒரே நாளில் முடிகிற காரியமா?

அப்புறம் 2011இல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் செய்த ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியம். முடியாத வேலை மனசில் இருந்தவர்களுக்குக் கதை வாசிக்கும்போதும் அந்த நினைப்பு குறுக்கிட்டது. அதை எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டம் போட்டவர்களுக்கு, வேலை முடியாமலேயே அந்தத் தொந்தரவு அடங்கியது.

அதனால் தம்பியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன்: "திங்கள் காலை, பட்டா நகலோடு இ-சேவை மையம், நில அளவைக்கு மனு." அவ்வளவுதான்.

பெரியப்பா பேசிய பேச்சுக்கு மனு கிடையாது. அதற்குப் பதில் தயாரிப்பதை நாமாகத்தான் விட வேண்டும். அவர் பேசியது நியாயம் என்று சொல்லவில்லை. உங்கள் பொழுதையும் சேர்த்து அவருக்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

குளிக்கும்போது, வண்டியில் போகும்போது மனசு தானாக எங்கே போகிறது என்று பாருங்கள். அங்கே பாடம் இருக்க வேண்டும். நான் சொல்கிற வழி: டீக்கு எழுந்திரிக்கும்போது ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போங்கள். பாதியில் நிற்பது மனசை விடாது என்றால், அது உங்கள் கணக்காகவே இருக்கட்டும்.

வீட்டிலும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "அம்மா, ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் ராத்திரி சாப்பிட்ட பிறகு பேசலாம்."