சருகைக் கொஞ்சம் விட்டு வையுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் பறவைகளைப் படம் எடுப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேலூரில் ஏது குளிர்காலம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மார்கழி விடியலில் காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வருபவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

படம் எடுப்பவர்களுக்கு நம் ஊரில் இதைவிட நல்ல காலம் கிடையாது. சித்திரையில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். பறவையின் முதுகு வெளுத்துப்போகும், வயிறு கறுத்துப்போகும். டிசம்பர் கடைசியில் அதே நண்பகலில் சூரியன் ஏறக்குறைய 54 டிகிரி உயரத்தோடு நின்றுவிடுகிறது. அது தெற்கே சாய்ந்தே போவதால், காலையில் வெகுநேரம் வெளிச்சம் பக்கவாட்டில் இதமாக விழும். பறவையின் கண்ணில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி தெரியும். அந்தப் புள்ளி இருந்தால்தான் படத்தில் பறவைக்கு உயிர் இருக்கும்.

அதோடு விருந்தாளிகள் வேறு வந்திருப்பார்கள். புரட்டாசி, ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து இறங்குகிற பறவைகள் பங்குனி, சித்திரை வரைக்கும் நம்மோடு இருக்கும். பழுப்புக் கீச்சான், கொடிக்கால் வாலாட்டி, ஆறுமணிக்குருவி. இந்தக் கடைசிப் பறவையைப் பற்றித்தான் இன்றைக்கு அதிகம் பேசப் போகிறேன்.

என்ன கேமரா வாங்கலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காட்டுயிர்களைப் படம் எடுத்த நம் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே பெயர் பெற்றவர். அதுவும் அங்கங்கே கிடைத்த பாகங்களைத் தாமே சேர்த்துக் கட்டிய கேமராவில் எடுத்தவர். ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலையைப் பெருக்காமல் விடுங்கள். லென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாமரத்தடியோ வேப்பமரத்தடியோ, உதிர்ந்த சருகு உதிர்ந்தபடி கிடக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நனைந்து அடியில் ஈரம் தங்கும். அந்த ஈரத்தில் கறையான், வண்டு, புழு, மண்புழு எல்லாம் சேரும். குளிர்கால விருந்தாளிகள் பலருக்கும் அதுதான் சாப்பாடு. தினமும் பெருக்கிக் கொளுத்திவிட்டு, இப்போதெல்லாம் குருவியே வருவதில்லை என்றால் எப்படி வரும்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா விடியலிலேயே எழுந்து முன்வாசல், பின்வாசல் இரண்டையும் கூட்டிவிடுவார். கூட்டியதைக் குவித்து நெருப்பு வைத்துவிடுவார். மதிலோரம் நிற்கும் மாமரத்தடியை மட்டும் விட்டு வையுங்கள் பெரியம்மா என்று கேட்டேன்.

"இன்னா தம்பி இது, மார்கழி மாசத்துல யாராச்சும் குப்பைய வுட்டு வைப்பாங்களா? பாம்பு கீம்பு வந்துச்சின்னா?"

நியாயமான கேள்வி. சருகு வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. செங்கல், விறகு அடுக்கிய இடத்தில் இருக்கக் கூடாது. மேடாகக் குவிக்கவும் கூடாது. விழுந்தபடி பரவலாகக் கிடந்தால் போதும். குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் எடுத்துச் சொன்ன பிறகு அரைமனதாகச் சம்மதித்தார்.

கொஞ்ச நாளில் அங்கிருந்து சருகு புரளும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஓணான் என்று நினைத்த பெரியம்மா, சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று நீலம், கண்ணை ஒட்டி அகலமான கறுப்புக் கோடு, வாலடியில் குங்குமம் வைத்தாற்போல் சிவப்பு. ஆறுமணிக்குருவி! அலகால் ஒரு இலையைப் பிடித்துப் புரட்டிப் போடுகிறது, கீழே பார்க்கிறது, இரண்டு தாவல் தாவி நிற்கிறது, அடுத்த இலையைப் புரட்டுகிறது. பெரியம்மா அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிட்டார். அந்த வருஷம் போகிக்குக் கொளுத்தச் சருகு கேட்டு வந்த பையன்களை, "அது குருவிக்குடா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இன்றைக்கும் அந்த மூலையில் துடைப்பம் படுவதில்லை.

நான் அந்தப் பறவையைப் படம் எடுத்ததும் அதே ஜன்னலிலிருந்துதான். ஜன்னலில் பழைய கறுப்புத் துணியைக் கட்டி, லென்ஸ் நீட்டுமளவுக்கு மட்டும் இடம் விட்டு, தாழ்வான முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். முக்காலி தாழ்வாக இருந்தது முக்கியம். மேலிருந்து எடுத்தால் முதுகுதான் விழும், பறவையின் கண் மட்டத்துக்கு நாம் இறங்கினால்தான் முகம் தெரியும். அது தாவும்போது எடுப்பதில் பயனில்லை, மரநிழலில் அதற்கு வெளிச்சம் போதாது. தாவி முடித்ததும் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு கணம் அசையாமல் நிற்கும். வால் மட்டும் மெல்ல மேலும் கீழும் ஆடும். அப்போது அழுத்த வேண்டும். கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றினால் படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும். பரவாயில்லை. ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சிலர் அலைபேசியில் ஆறுமணிக்குருவியின் குரலைப் போட்டு அதை வெளியே வரவழைக்கிறார்கள். குளிர்காலத்திலும் அது தனக்கென்று ஒரு எல்லையை வைத்துக் காப்பாற்றுகிற பறவை. குரல் கேட்டால், போட்டிக்கு வேறொன்று வந்துவிட்டது என்று இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். விடியலிலும் மாலை மங்கும்போதும் அது தானாகவே கூப்பிடும். அந்த நேரத்தில் காது கொடுத்தால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கூட்டுக்குக் கிட்டே போய்ப் படம் எடுப்பதும் எனக்குப் பிடிக்காது. நாம் போன தடத்தைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். நம் தோட்டத்துப் பறவைகளில் பலவும் குளிர்காலத்தில் கூடு கட்டுவதில்லை, அந்த வகையிலும் இது நல்ல காலம்.

சருகுக்குப் பக்கத்தில் அகலமான மண்தட்டு ஒன்றில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். நடுவில் ஒரு கல். தினமும் தண்ணீரை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வரும். சின்னானும் தவிட்டுக்குருவியும் முதலில் வரும், மற்றவை அவற்றைப் பார்த்து வரும்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். அமிர்திக் காட்டைப் பற்றியும் ஜவ்வாது மலையைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலக் காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூடி இரை தேடிக்கொண்டே நகரும். கரிச்சான், மரங்கொத்தி, அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் ஒரே கூட்டத்தில் இருக்கும். அதைத் துரத்தாதீர்கள். போகும் திசையைக் கவனித்து, கொஞ்சம் முன்னால் போய் ஒரு மரத்தடியில் உட்காருங்கள், கூட்டம் உங்களைத் தேடி வரும். காப்புக் காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கலையொட்டிப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பதினைந்து நிமிடம் வீட்டுக்குப் பின்னால் நின்று பார்த்ததை எழுதி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும். கேமரா இல்லாதவர்களும் கலந்துகொள்ளலாம். நன்றி, வணக்கம்.