கால் தெரியும் ட்ரைலோபைட்: எதற்கு இவ்வளவு விலை?

வணக்கம் மக்களே. பின்னால் புல் வெட்டும் மெஷின் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் அதை ஓட்டிக்கொண்டுதான் இருப்பார்.

மேசையில் இரண்டு கறுப்புக் கல் வைத்திருக்கிறேன். முதல் கல்லைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். இது நியூயார்க் மாநிலத்து ஷேல் பாறை, அதாவது பழைய கடற்சேறு இறுகிக் கல்லானது. நடுவில் தெரிவது ட்ரையார்த்ரஸ் என்ற ட்ரைலோபைட், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து அழிந்துபோன, இறாலுக்குத் தூரத்து உறவான விலங்கு. தலை, உடல் வளையங்கள், வால் எல்லாம் இருக்கின்றன. ஃபாசில் கண்காட்சியில் இதை வாங்கிவிட்டு மிச்சக் காசில் மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொள்ளலாம். இரண்டாவது கல், ஜெர்மனியின் புண்டன்பாக் ஊர் ஸ்லேட். இதில் இருப்பது கோட்டெகாப்ஸ். ஓரத்தைப் பாருங்கள், ஓட்டுக்கு வெளியே மெல்லிசாக நீட்டிக்கொண்டிருப்பவை கால்கள். இதன் விலையைச் சொல்ல மாட்டேன், வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போன வீடியோவுக்குப் பிறகு நிறையப் பேர் கேட்டது இதைத்தான்: "கால் தெரிகிறது என்பதற்காகவா அவ்வளவு காசு?" ஆமாம், கால் தெரிகிறது என்பதற்காகத்தான். ஆனால் அந்தக் காசு விலங்குக்குப் போகவில்லை, அது புதைந்த சேற்றுக்குப் போகிறது. இன்றைக்குப் பேசப்போவது அந்தச் சேற்றைப் பற்றி.

ட்ரைலோபைட்டின் முதுகு ஓடு கால்சைட்டால் ஆனது, அதாவது சுண்ணாம்பு. அது எளிதில் கல்லாகும். அடியில் இருந்த கால், செவுள், உணர்கொம்பு எதிலும் சுண்ணாம்பு கிடையாது. இறால் கால் தோல் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதே மாதிரி. செத்துச் சில நாட்களில் அழுகிப் போய்விடும். போதாக்குறைக்கு, இவை வளர வளர ஓட்டை உரித்துப் போட்டுக்கொண்டே இருந்தன. நாம் பொறுக்கும் ட்ரைலோபைட்டுகளில் பெரும்பங்கு இப்படி உரித்துப் போட்ட சட்டைகள்தான். அதற்குள் கால் எங்கிருந்து வரும்? பெயரிடப்பட்ட ட்ரைலோபைட் இனங்கள் 20,000-க்கும் மேல். கால் தெரிந்த இனங்களோ சில பத்துதான்.

அதனால் 19-ஆம் நூற்றாண்டில் பாதிக்கு மேல், இந்த விலங்குக்குக் கால் உண்டா இல்லையா என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு கனடாவின் பர்ஜெஸ் ஷேல் என்ற ஃபாசில் களத்தைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றாரே சார்ல்ஸ் வால்காட், அவர் இளைஞராக இருந்தபோது நியூயார்க்கில் ரஸ்ட் குடும்பத்தின் பண்ணையில் சுண்ணாம்புக்கல் உடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்லில் இருந்த செராரஸ் ட்ரைலோபைட்டுகளை ரம்பத்தால் அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாகத் தேய்த்துப் பார்த்தார். உள்ளே கால்களின் குறுக்குவெட்டு தெரிந்தது. 1881-இல் அதை விரிவாக வெளியிட்டார். நல்ல வேலைதான். ஆனால் சீவல் சீவலாகப் பார்த்து முழுக் காலை மனதுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். உணர்கொம்பும் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் என் கதாநாயகன் வருகிறார், வில்லியம் வேலியன்ட். ரட்கர்ஸ் கல்லூரி அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். நியூயார்க்கில் ரோம் என்று ஓர் ஊர் இருக்கிறது, இத்தாலி ரோம் இல்லை. அதன் அருகே ஓர் ஓடைக்கரையில், உணர்கொம்போடு கூடிய ட்ரையார்த்ரஸ் கிடைக்கும் அடுக்கை 1892-இல் பிடித்தார். உடலெல்லாம் பைரைட், தங்க நிறத்தில் மின்னும் இரும்பு சல்ஃபைடு. அடுத்த ஆண்டே டபிள்யூ. டி. மேத்யூ என்ற ஆய்வாளர் அதை எழுதி வெளியிட்டார். யேல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் பீச்சர் உடனே வந்து அந்த அடுக்கைப் பெயர்த்துக் கொண்டுபோய், பல வருடம் உட்கார்ந்து ஒட்டிய கல்லை நீக்கிச் சுத்தம் செய்து, கால்களை ஒவ்வொன்றாக வரைந்தார். இன்றைக்கு அந்த இடத்துக்குப் பெயர் பீச்சர் ட்ரைலோபைட் படுகை. கண்டுபிடித்தவர் வேலியன்ட், பெயர் பீச்சருக்கு! எனக்கு இது இன்னமும் உறுத்துகிறது.

1904-இல் பீச்சர் திடீரென்று இறந்துபோனார். படுகை எங்கே என்பது மெல்ல மறந்துபோயிற்று. 1984-இல்தான் டாம் வைட்லி, டான் கூப்பர் என்ற இருவர் மறுபடி கண்டுபிடித்தார்கள். அத்தனை காலம் கண்ணில் படாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்த அடுக்கின் தடிமன் சுமார் 4 செ.மீ. என் இரண்டு விரல் அகலம். மேலேயும் கீழேயும் பார்வைக்கு அதே கறுப்பு ஷேல்தான்.

சரி, அந்த 4 சென்டிமீட்டரில் மட்டும் அப்படி என்ன? 1990-களின் தொடக்கத்தில் தொல்லுயிர் ஆய்வாளர் டெரெக் பிரிக்ஸும் கூட்டாளிகளும் இதன் வேதியியலைத் தோண்டினார்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நாடியே இதுதான்.

சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடிச் சரிவில் கலங்கல் சேறு இறங்கி வந்து இந்த விலங்குகளை ஒரேயடியாக மூடிவிட்டது. உள்ளே ஆக்சிஜன் இல்லை. அங்கே பிணத்தைத் தின்ன வருவது சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா. அது வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த வாயு. சேற்று நீரில் கரைந்த இரும்பு இருந்தால், இரண்டும் சேர்ந்து கடைசியில் பைரைட்டாகப் படியும். இதுவரை எல்லாக் கறுப்புச் சேற்றிலும் நடப்பதுதான்.

வித்தியாசம் இனிமேல்தான். சேறு முழுக்க மக்கிய பாசியும் குப்பையுமாக இருந்தால், பாக்டீரியா எல்லா இடத்திலும் தின்னும், பைரைட்டும் எல்லா இடத்திலும் பொடிப்பொடியாகச் சிதறும். காலுக்கென்று தனியாக எதுவும் சேராது. ரோம் அருகே விழுந்த சேறோ சத்தில்லாத சேறு. அழுகுவதற்கென்று அதில் அதிகம் ஒன்றும் இல்லை, ஆனால் இரும்பு நிறைய. அதனால் சல்ஃபைடு கிளம்பிய இடமே பிணங்கள் கிடந்த இடம்தான். சுற்றிலும் உள்ள இரும்பு அங்கே வந்து சேர்ந்து, கால் அழுகி முடிப்பதற்குள் அதை பைரைட் பூசி மூடிவிட்டது. எந்த உடல் அழுகியதோ அதே அழுகல்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

என் முதல் கல்லில் இருப்பதும் அதே ட்ரையார்த்ரஸ்தான் என்று சொன்னேன் இல்லையா? அந்த மாநிலத்து ஷேலில் அது கொட்டிக் கிடக்கிறது. கால்தான் கிடையாது. ஆகவே விற்பவர் "அரிய இனம்" என்று ஆரம்பித்தால் நான் அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். எந்தக் குவாரி, எந்த அடுக்கு என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் நிற்பேன்.

இந்தச் சேறு கொடுத்த தகவல்களைப் பாருங்கள். 2021-இல் ஜின்போ ஹோ, நைஜல் ஹியூஸ், மெலனி ஹாப்கின்ஸ் மூவரும் ட்ரையார்த்ரஸ் காலை சி.டி. ஸ்கேனில் பார்த்து, காலின் மேல்கிளை உண்மையான செவுள்தான் என்று காட்டினார்கள். அதாவது நடக்கிற காலோடேயே மூச்சுவிடும் உறுப்பும் ஒட்டியிருந்தது. ஹியூஸ் நம் இமயமலை ஸ்பிதி பக்கத்து ட்ரைலோபைட்டுகளிலும் நிறைய வேலை செய்தவர். (அரியலூரில் கிடைக்குமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அரியலூர்ப் பாறை உருவாவதற்கு வெகு காலம் முன்பே ட்ரைலோபைட் இனமே அழிந்துவிட்டது.) 2017-இல் இன்னொரு குழு, அதே நியூயார்க் ட்ரையார்த்ரஸின் தலை ஓட்டு மூலைக்கு அடியில் முட்டைகளைக் கண்டது. ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. அளவுதான்! பைரைட் இல்லாமல் அதை யார் பார்த்திருக்க முடியும்?

பைரைட் மட்டுமே வழி என்றும் இல்லை. 2024-இல் அப்தெர்ரசாக் எல் அல்பானி குழு மொராக்கோவின் ஹை அட்லஸ் மலையில் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய ட்ரைலோபைட்டுகளை வெளியிட்டது. 50 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. நசுங்கவே இல்லை, வாயருகே உள்ள மெல்லிய உதடு முதல் குடல் வரை முப்பரிமாணத்தில் இருக்கிறது. நேற்று மறுபடி அந்தப் படங்களைப் பார்த்தேன், பொறாமையாக இருந்தது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு. பர்ஜெஸ் ஷேல் கனடாவின் யோஹோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே சின்னத் துண்டை எடுத்தாலும் குற்றம், வழிகாட்டியோடு நடந்து பார்த்துவிட்டு வரலாம். "பர்ஜெஸ் கால் ட்ரைலோபைட்" என்று யாராவது விற்றால், அது திருட்டு அல்லது போலி. இதே மாதிரி மென்மையான உடல் பாகங்கள் பதிந்த சீனாவின் செங்ஜியாங் கல்லும் வேண்டாம், ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. நேர்மையாகச் சந்தைக்கு வருவது பெரும்பாலும் புண்டன்பாக் பழைய இருப்புதான். கூரைக்கு ஸ்லேட் உடைத்தவர்கள் எடுத்து வைத்தவை. அங்கேயும் காலைக் காப்பாற்றியது பைரைட்தான்.

அதிலும் ஏமாற்று உண்டு. ஸ்லேட்டில் கால் செதுக்கித் தங்கப் பெயின்ட் அடித்ததை நானே ஒரு கண்காட்சியில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நிஜ பைரைட்டில் பொடிப்பொடியான படிகம் மின்னும், பெயின்டில் தூரிகைக் கோடு தெரியும். புறஊதா டார்ச் அடித்தால் பசையும் ரெசினும் பல சமயம் வேறு நிறத்தில் ஒளிரும். எல்லாவற்றுக்கும் மேல், எக்ஸ்ரே படம் கேளுங்கள். ஸ்லேட்டை விட பைரைட் அடர்த்தி அதிகம், அதனால் கால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று வரும். சீமென்ஸில் வேலை பார்த்த வில்ஹெல்ம் ஸ்ட்யூர்மர் இந்த வழியில்தான் கல்லை உடைக்காமலேயே புண்டன்பாக் கால்களையெல்லாம் படமெடுத்தார். செதுக்கிய கால் எக்ஸ்ரேயில் வராது. படம் தர மறுத்தால் கல்லை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சுத்தம் செய்வதை மட்டும் நீங்களாக முயலாதீர்கள். ஊசியால் சுரண்டினால் கால் போய்விடும். புண்டன்பாக் கைகாரர்கள் காற்றுக் குழாயில் நுண்ணிய இரும்புத் தூளைப் பீய்ச்சுவார்கள். இரும்பு ஸ்லேட்டை அரிக்கும், பைரைட் அதைவிடக் கடினம் என்பதால் தப்பித்துவிடும். என்ன மூளை பாருங்கள்!

கடைசியாக ஒரு விஷயம், சென்னை மாதிரி ஊரில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பைரைட்டுக்கு ஈரப்பதம் ஆகாது. ஈரக்காற்றில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறி, வெள்ளையாகப் பூத்து, கல்லையே உதிர்த்துவிடும். தண்ணீரில் கழுவவே கூடாது. காற்று புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 50-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்தக் கல்லை மற்றக் கற்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

அடுத்த வீடியோவில் இந்தப் புண்டன்பாக் கல்லின் எக்ஸ்ரேயைப் பெரிதாகக் காட்டுகிறேன். சுத்தம் செய்தவர் கண்ணுக்கே தப்பிய இரண்டு கால் ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. வரட்டுமா?