பூச்சு உரிக்கப்பட்ட பசிலிக்கா

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கோவாவில் சாலையின் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று சே பேராலயம் நிற்கிறது. எதிர்ப்பக்கம் செக்கச்செவேலென்று போம் ஜீசஸ் பசிலிக்கா. நம் முத்துக்குளித்துறையில் தூத்துக்குடி, மணப்பாடு என்று ஊர் ஊராக நடந்த சவேரியாரின் உடல் இந்தச் சிவப்புக் கோவிலில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிவப்பு, கட்டியவர்கள் கொடுத்த நிறம் இல்லை.

1594-ல் தொடங்கி, 1605-ல் அர்ச்சிக்கப்பட்ட கோவில் இது. சுவரெல்லாம் அந்த மண்ணின் செம்புரைக்கல். அதில் நுணுக்கமாகச் செதுக்க வராது என்பதால், முகப்பு வேலைப்பாட்டுக்கு மும்பைக்கு வடக்கேயுள்ள வசாயிலிருந்து கருங்கல் கொண்டுவந்தார்கள். உள்ளே பொன் பூசிய பீடம், சவேரியாருக்கு வெள்ளிப் பேழை. பேழை கோவாக் கொல்லர்களின் கைவேலை. அதைத் தாங்கும் பளிங்கு மேடை இத்தாலியிலிருந்து வந்து 1698-ல் அமைக்கப்பட்டது. உள்ளே போகிறவர்கள் இவற்றையெல்லாம் ஆசையாகப் பார்க்கிறார்கள். நான் பேச வந்தது வெளிச்சுவரைப் பற்றி.

செம்புரைக்கல் வெட்டும்போது மிருதுவாக இருக்கும். காற்றுப் பட்டால் இறுகும். இறுகினாலும் உடம்பெல்லாம் துளைதான். கோவாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள். அந்தத் தண்ணீர் துளைகளில் இறங்கி, உள்ளே இருக்கும் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். கல்லின் விளிம்பு மழுங்கும், முகம் பொடிப்பொடியாக உதிரும். அதற்காகத்தான் சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடித்தார்கள். காரை மழையைத் தடுக்கும். உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடும். சிமெண்ட் அப்படி விடாது, ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்து வைத்துவிடும்.

1950-களில் பல்தசார் காஸ்ட்ரோ என்ற போர்த்துகீசியக் கட்டடக் கலைஞர், கோவிலின் பழமை கண்ணுக்குத் தெரியட்டும் என்று அந்தப் பூச்சை உரிக்கச் செய்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழையும் நேராகக் கல்லில் விழுகிறது.

இந்தக் கல் கவனிப்பாரில்லாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். கொஞ்சம் நடந்தால் புனித அகுஸ்தீனார் கோபுரம். ஒரு துறவு மடத்துக் கோவிலின் கோபுரம் அது. 1835-ல் அங்கிருந்த துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1842-ல் அந்தக் கோவிலின் வளைகூரை விழுந்தது. 1931-ல் முகப்பும் கோபுரத்தில் பாதியும் சரிந்தன. ஏறக்குறைய 46 மீட்டர் உயரத்துக்கு ஒரு துண்டுதான் இப்போது மிச்சம்.

போம் ஜீசஸுக்கு மறுபடி காரை பூச வேண்டும் என்று கட்டடப் பாதுகாப்பு தெரிந்த பலர் சொல்லிவருகிறார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். ‘சிவப்பாகப் பார்த்தே பழகிவிட்டோமே’ என்பவர்களின் மனசும் புரிகிறது. சரி, எழுபது வருடப் பழக்கம் அது. அதற்கு முன்னால் முந்நூற்றைம்பது வருடம் பூச்சோடுதானே இருந்தது? இந்தியத் தொல்லியல் துறை முதலில் பக்கச் சுவர் ஒன்றில், சிமெண்ட் கலக்காமல் காரை பூசி, இரண்டு மூன்று மழைக்காலம் பார்க்கலாம். ஒத்துவந்தால் மற்ற சுவர்களுக்கும் பூசட்டும்.

நன்றி, வணக்கம்.