குறைந்துபோனால் மீண்டு வருமா?

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அண்ணாச்சி அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

நம்ம ஊரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "ஐந்திணையும் அமைந்த மண்" என்றுதான் தொடங்குவார்கள். தப்பில்லை. பாபநாசத்துக்கு மேலே பொதிகை இருக்கிறது, திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரி இருக்கிறது, நடுவில் தாமிரபரணிப் பாசனத்து வயல்கள். எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை உண்டு. இந்த நிலத்துக்கு இந்தச் செடி என்று பிரித்து எழுதியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிக் காட்டுக்குள் போனால் அந்தப் பட்டியல் உதவாது. இரண்டு பருவமழையும் பெய்கிற காடு அது. ஒரே மண், ஒரே மழை. அதில் வெடிப்பலாவும் எத்தனையோ வகை மரங்களும் கிளையோடு கிளை பின்னி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒன்றேதான்: வெயில், தண்ணீர், கொஞ்சம் தாது உப்பு. அப்படியிருக்க, அவற்றில் கெட்டிக்கார மரம் ஒன்று மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு மலை முழுவதையும் ஏன் பிடித்துக்கொள்ளவில்லை?

கேள்வி பழையது. 1930களில் ரஷ்யாவில் காஸ் என்பவர், ஒரே இரையைத் தின்னும் இரண்டு வகை ஓரணு உயிர்களை ஒரே பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தார். ஒன்று நிலைத்தது, மற்றது அழிந்தது. பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1961இல் ஹட்சின்சன் என்ற சூழலியல் அறிஞர் அதைத் திருப்பிக் கேட்டார்: அப்படியென்றால் ஒரு ஏரித் தண்ணீரில் இத்தனை வகை மிதவைப் பாசிகள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன?

இதற்கு வந்த பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது பீட்டர் செஸ்ஸன் 2000இல் எழுதிய கட்டுரை. அதில் கணக்கு நிறைய. சாரத்தை மட்டும் சொல்கிறேன். ஒரே தெருவில் இரண்டு டீக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் டீ நன்றாக இருக்கும், மற்றது சுமார். எல்லா வகையிலும் இரண்டும் ஒரே மாதிரி என்றால் சுமாரான கடை சீக்கிரம் மூடிவிடும். ஆனால் அது விடியற்காலை நாலு மணிக்கே திறந்து, சந்தைக்கு மூட்டை இறக்க வருகிறவர்களுக்கு டீ போட்டால் பிழைத்துக்கொள்ளும். செடிகளிலும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். யார் கெட்டிக்காரர் என்பது ஒன்று. யாருக்கு யாரோடு எவ்வளவு மோதல் என்பது வேறு. ஒரு இனம் அடுத்த இனத்தை நெருக்குவதைவிடத் தன் சொந்த இனத்தையே அதிகம் நெருக்கினால், எண்ணிக்கை கூடும்போது அதற்குத் தானே தடை விழும், குறையும்போது மீண்டு எழ இடம் கிடைக்கும். ஆகவே செடிகள் சேர்ந்து வாழ்கின்றனவா என்று பார்க்க, இன்று எத்தனை வகை நிற்கிறது என்று எண்ணினால் போதாது. குறைந்துபோன ஒன்று மீண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைத் தோட்டத்துப் பாத்தியிலேயே சோதித்தவர் ஜொனாதன் லெவைன். கலிபோர்னியாவில் சான்டா பார்பரா பக்கம், ஒரே வருடத்தில் முளைத்துப் பூத்துக் காய்த்துச் சாகிற சின்னச் செடிகளை வைத்து வேலை செய்தவர். அவரும் ஹில்லே ரிஸ் லாம்பர்ஸ் என்ற ஆய்வாளரும் 2009இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் யோசனை அவ்வளவு அழகு. சில பாத்திகளை இயல்புப்படி விட்டார்கள்: எந்தச் செடி எவ்வளவு விதை தந்ததோ அதே விகிதத்தில் அடுத்த விதைப்பு. இன்னும் சில பாத்திகளில் ஒன்றே ஒன்றை மட்டும் பறித்தார்கள், அதாவது குறைவாக இருப்பதால் ஒரு இனத்துக்குக் கிடைக்கும் அனுகூலத்தை. குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் விதைப் பெருக்கம் ஒரே அளவுதான் என்று கணக்குப் போட்டு, அதன்படி விதைத்தார்கள். மண்ணும் மழையும் செடிகளும் மாறவில்லை. ஆனாலும் இந்த இரண்டாவது வகைப் பாத்திகளில் பன்மை, அதாவது பல வகைச் செடிகள் சேர்ந்திருப்பது, சரிந்தது. இயல்பாக விட்ட பாத்திகளிலோ அருகிய செடிகள் தலையெடுத்தன. அதுவரை தாளில் இருந்த கணக்கை அவர்கள் மண்ணில் பார்த்துவிட்டார்கள்.

சரி, அந்த அனுகூலம் எங்கிருந்து வருகிறது? உயரம், வேரின் ஆழம், பூக்கும் காலம் என்று நாம் அளக்கிற குணங்களில் ஏதாவது ஒன்று விடை சொல்லும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கிராஃப்ட், கொடோய், லெவைன் மூவரும் 2015இல் 18 வகைச் செடிகளை வைத்துப் பார்த்ததில் அப்படி வரவில்லை. தனிக் குணங்கள் யார் கெட்டிக்காரர் என்பதை ஓரளவு காட்டின. மோதலைக் குறைப்பது எது என்பதை ஒற்றைக் குணம் எதுவும் காட்டவில்லை, பல குணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. குணப் பட்டியலை வைத்துக்கொண்டு காட்டையே விளக்கிவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், இது நல்ல கடிவாளம்.

காட்டு மரங்களுக்கு வேறொரு விடை உண்டு. 1970இல் ஜான்சனும் 1971இல் கானெலும் தனித்தனியாகச் சொன்னது. தாய்மரத்தின் அடியில் அந்த மரத்துக்கே உரிய பூச்சியும் பூஞ்சையும் கூடியிருக்கும், அங்கே விழுந்த விதை தேறுவது கஷ்டம், தள்ளி விழுந்தது தப்பிக்கும். பெலிஸ் நாட்டுக் காட்டில் பூஞ்சைக்கொல்லி தெளித்துப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. தெளித்த இடங்களில் நாற்றுகளின் பன்மை குறைந்தது. நாம் நோய் என்று சொல்கிற பூஞ்சைதான் அங்கே பன்மையைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாவது விடை நம் மானாவாரிக் காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. ஐப்பசி மழைக்குப் பிறகு தரிசைப் பாருங்கள். ஒரு வருசம் கொழுஞ்சி மூடிக்கிடக்கும், இன்னொரு வருசம் துத்தியும் தும்பையும். மழை முந்திப் பெய்ததா பிந்திப் பெய்ததா, இடையில் எத்தனை நாள் காய்ந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு செடிக்குத் தோதாக அமைகிறது. தோது இல்லாத வருடத்தில் அந்தச் செடி செத்துத் தீர்ந்துவிடுவதில்லை, விதையாக மண்ணுக்குள் கிடக்கிறது. நல்ல வருடத்து லாபம் கெட்ட வருடத்தைத் தாண்டிச் சேமிப்பாக இருப்பதால் ஒன்றை ஒன்று ஒரேயடியாக ஒழிப்பதில்லை. அடிக்கடி ஆழ உழுதாலோ களைக்கொல்லி அடித்தாலோ அந்தச் சேமிப்பிலும் கை வைக்கிறோம்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அது கெட்டிக்கார மரம் மட்டுமல்ல, தன்னை நெருக்குகிற விதை வண்டுகளைத் தாயகமான அமெரிக்கக் கண்டத்திலேயே விட்டுவிட்டு வந்த மரம். இங்கே ஆடு தழையைக் கடிப்பதில்லை, நெற்றை மட்டும் தின்று விதையைப் புழுக்கையில் போட்டுப் பரப்புகிறது. தென்னாப்பிரிக்காவில் அந்த வண்டுகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். வண்டுக்கு முன்னால் ஆடுமாடு நெற்றைத் தின்றுவிட்டதால் எதிர்பார்த்த பலன் இல்லை. நம் குடைவேலத்துக்கு இங்கே கூட்டாளியும் உண்டு, பகையாளியும் உண்டு. வந்தவனுக்குப் பகையாளிதான் குறைவு. வெட்டி எடுப்பது ஒரு வேலை. வெட்டிய இடத்தில் குடைவேலங்கன்று தானாக முளைக்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பது வேறு வேலை. இரண்டாவதை யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

குளக்கரைகளில் பல வகைக் கன்றுகளை நெருக்கமாக நட்டுக் குறுங்காடு போடுகிறார்களே, அது நல்லதா என்று தலைவர் அண்ணாச்சி சற்றுமுன் கேட்டார். திறப்புவிழாவில் வகைகளை எண்ணுவதற்கு முன்னால், பத்து வருடம் கழித்து அதில் எந்தெந்த மரத்தின் விதை தானாக முளைத்துக் கன்றாக நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால் பதில் கிடைக்கும், அண்ணாச்சி. இன்றைக்கே நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல நான் தயாரில்லை.

மாணவர்களுக்கு ஒன்று. லெவைன் செய்ததை இங்கேயே சின்ன அளவில் செய்து பார்க்கலாம். கொழுஞ்சி, துத்தி, தும்பை, நெருஞ்சி எல்லாம் ஊர் முழுக்கக் கிடைக்கிற செடிகள். மழைக்கு முன் ஆளுக்கொரு சதுர மீட்டர் பாத்தி போதும். பாதிப் பாத்திகளில் ஒரு செடியை வேண்டுமென்றே குறைத்து விதையுங்கள், மற்றதில் கூட்டி விதையுங்கள். அறுவடையில் ஒரு செடிக்கு எத்தனை விதை என்று எண்ணுங்கள். குறைத்து விதைத்த இடத்தில் எண்ணிக்கை கூடியிருந்தால் விடையில் பாதி கையில் வந்துவிட்டது. தும்பை விதை எண்ணுவதற்குப் பொறுமையும் நல்ல பூதக்கண்ணாடியும் வேண்டும். கண்ணாடி எங்கள் துறையில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.