‘பார்த்தாச்சு’ என்றால் எதைப் பார்த்தாச்சு?

நேயர்களுக்கு வணக்கம்.

பேருந்தில் போகும்போது நடத்துனரின் விசிலைக் கவனித்திருப்பீர்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சத்தத்தை நம்பித்தான் கியர் போடுகிறார். ஒருநாள் நடத்துனர் விசில் கொடுக்காமல், “பார்த்தாச்சு, பார்த்தாச்சு” என்று மட்டும் குரல் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்த்தாச்சு? எல்லாரும் இறங்கிவிட்டதையா, படியில் ஒரு பாட்டி இன்னும் நிற்பதையா? பேருந்து ஓடிக்கொண்டிருந்தது என்று ஓட்டுநர் நினைத்தால் ஓட்டிக்கொண்டே போவார். நின்றிருந்தது என்று நினைத்தால் நிறுத்தியே வைத்திருப்பார்.

கால்பந்து நடுவர்களின் தவறுகளைப் பற்றிப் பேச வந்துவிட்டு விசிலில் தொடங்கக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் மிக அதிகமாகப் பேசப்பட்ட ஒரு தவறு, இந்தப் “பார்த்தாச்சு” என்ற ஒற்றைச் சொல்லில்தான் நடந்தது.

2023 செப்டம்பர் 30. லண்டனில் டாட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதுகின்றன. லிவர்பூல் வீரர் ஒருவர் ஏற்கெனவே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார். பத்துப் பேரோடு ஆடுகிறார்கள். 34-வது நிமிடம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. லிவர்பூலின் சலா பந்தைத் தள்ளிவிடுகிறார். அதே அணியின் லூயிஸ் டியாஸ் ஓடிப்போய் வலைக்குள் அடிக்கிறார். கோட்டோரம் நிற்கும் துணை நடுவர் கொடியைத் தூக்குகிறார்: ஆஃப்சைடு.

ஆஃப்சைடு விதியை வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. பந்து உதைபடும் நொடியில், தாக்கும் வீரர் எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கக் கூடாது. இன்றைய பேச்சுக்கு அது போதும்.

மைதானத்திலிருந்து வெகு தூரத்தில், மேற்கு லண்டனில் ஸ்டாக்லி பார்க் என்ற இடத்தில், திரைகளுக்கு முன்னால் வீடியோ நடுவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஓர் உதவியாளர், காட்சிகளை ஓட்டிக் காட்டும் ஓர் இயக்குநர். வேலை ஒழுங்காகவே நடக்கிறது. பந்து காலை விட்டுக் கிளம்பும் காட்சியை நிறுத்துகிறார்கள். டாட்டன்ஹாம் தடுப்பாட்டக்காரர் ரொமேரோவின் காலில் கோடு வைக்கிறார்கள். டியாஸ் கோட்டுக்குள்தான் இருக்கிறார், சந்தேகமே இல்லை. கோல் சரி.

ஆனால் வீடியோ நடுவருக்கு அந்த நேரத்தில் கொடி தூக்கியது மனதில் இல்லை. களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால், “செக் கம்ப்ளீட், செக் கம்ப்ளீட்” என்கிறார். அதாவது, பார்த்தாச்சு, உங்கள் முடிவு சரி. களத்தில் இருக்கும் நடுவருக்கு அது என்னவாகக் கேட்கும்? அவருடைய முடிவு ஆஃப்சைடு. ஆக, ஆஃப்சைடு சரி. டாட்டன்ஹாமுக்கு ஃப்ரீ கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

அறையில் முதலில் விழித்துக்கொண்டவர் காட்சி இயக்குநர். களத்தில் கொடுத்தது ஆஃப்சைடு ஆயிற்றே, இது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கிறார். ஆட்டத்தை நிறுத்துங்கள் என்ற பேச்சும் எழுகிறது. வீடியோ நடுவரின் பதில்: ஒன்றும் செய்ய முடியாது. விதிப்படி அது உண்மைதான். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போக முடியாது. ஆள் மாறி அட்டை காட்டியது, அடிதடி, எச்சில் துப்பியது, கடித்தது போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. ஆட்டம் 2-1 என்று முடிந்தது. வெற்றி கோல், கடைசி நொடிகளில் லிவர்பூல் வீரர் தன் வலையிலேயே போட்டுக்கொண்டது.

மறுபடியும் சொல்கிறேன், இதுதான் முக்கியம். கண் தவறவில்லை. கேமரா தவறவில்லை. கோடு தவறவில்லை. வாக்கியம் தவறியது. “களத்தில் கொடுத்தது ஆஃப்சைடு, நான் பார்த்ததில் ஆஃப்சைடு இல்லை, கோல் கொடுங்கள்” என்று வீடியோ நடுவர் மூன்று துண்டாகச் சொல்லியிருந்தால், முதல் துண்டைச் சொல்லும்போதே அவருக்கே உறைத்திருக்கும். நம் ஊர் ரயில்வே கேட்டில் கேட்கீப்பரும் ஸ்டேஷன் மாஸ்டரும் வெறும் “சரி”யோடு போனை வைத்துவிடுவதில்லை. ஆளுக்கொரு எண்ணைச் சொல்லி, எழுதி வைத்துக்கொள்கிறார்கள். காரணம் ஒன்றுதான். “சரி” என்ற சொல் எதன்மேல் வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

இனி பொறுப்பு. நடுவர்களை நிர்வகிக்கும் பி.ஜி.எம்.ஓ.எல். அன்று மாலையே மனிதர் செய்த பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டது. வீடியோ நடுவரும் உதவியாளரும் அடுத்து இருந்த ஆட்டங்களிலிருந்து நீக்கப்பட்டார்கள். அக்டோபர் 3 அன்று அறைக்குள் நடந்த பேச்சின் ஒலிப்பதிவு வெளியானது. இந்த மூன்றில் பொறுப்பு என்று நான் மதிப்பது மூன்றாவதை மட்டும்தான். மன்னிப்பு எதையும் திருத்தாது. ஆளை ஒரு வாரம் உட்கார வைத்தால் அதே சொல்லை வேறொருவர் சொல்வார். ஒலிப்பதிவு வந்த பிறகுதான் ஓட்டை எங்கே என்று ஊருக்கே தெரிந்தது. வீடியோ நடுவர் முடிவைக் களத்துக்குச் சொல்லும் முன் உதவியாளரிடம் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்று நடைமுறையும் மாறியது. ஓட்டை ஆளில் இல்லை, நடைமுறையில். அந்த வீடியோ நடுவர், உதவியாளர் பெயரை நான் இங்கே சொல்லாததும் அதனால்தான்.

2025 ஜனவரியில், லீக் கோப்பை அரையிறுதி. அதே மைதானம், அதே இரண்டு அணிகள். டாட்டன்ஹாமின் சொலாங்கி அடித்த கோல் வீடியோவில் ஆஃப்சைடு என்று தெரிந்தது. இந்த முறை நடுவர் ஒலிபெருக்கியில் அரங்கத்துக்கே அறிவித்தார்: அணி, வீரரின் எண், பெயர், ஆஃப்சைடில் இருந்தார் என்ற காரணம், கடைசி முடிவு. இங்கிலாந்தில் அதுவே முதல் முறை. எது பார்க்கப்பட்டது, என்ன முடிவு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டி வந்தால் குழப்பத்துக்கு இடம் குறையும்.

2006 உலகக் கோப்பையில், ஸ்டுட்கார்ட்டில் கிரேயம் போல் என்ற நடுவர் குரோஷியாவின் சிமுனிச்சுக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டியதும் இதே ரகம். இரண்டாவது மஞ்சளிலேயே வெளியேற்றியிருக்க வேண்டும். ஆனால் குறிப்பேட்டில் ஆஸ்திரேலியாவின் 3-ம் எண்ணுக்கு நேரே பதிந்துவிட்டார். சிமுனிச்சும் 3-ம் எண்தான். அதுவும் பார்வைப் பிழை இல்லை, பதிவுப் பிழை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். நடுவர் நியமனப் பட்டியலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டே வரி. ஒவ்வொரு வாரமும் யார் யாருக்கு எந்த ஆட்டம் என்று லீக் முன்கூட்டியே வெளியிடுகிறது. தவறு செய்தவர் பெயர் சில நேரம் அதில் இருக்காது, அல்லது களத்துக்கு வெளியே நிற்கும் நான்காவது நடுவராக இருக்கும். ஏன் என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்த ஒரு வரிக் காரணத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. நன்றி, வணக்கம்.