காயில் கட்டுகிறவனும் கி.பி. 2885-ம்

(மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஓரிரண்டு இடங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன், மேலே விசிறி கடகடக்கிறது.

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் "அறிவியல் புனைகதை ஆய்வாளர்" என்று போட்டிருக்கிறார்கள். ஆய்வெல்லாம் ஒன்றும் கிடையாது. நான் மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரன். மோட்டாருக்குள் எரிந்துபோன காயிலை, அதாவது கம்பிச் சுருளை, பிடுங்கிவிட்டுப் புதுக் காயில் கட்டுகிறவன். கட்டி முடித்து வார்னிஷ் ஊற்றினால் அது காய நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் படித்த விஞ்ஞானக் கதைகள்தான் என் படிப்பு. முப்பது வருஷ வார்னிஷ் என்று வைத்துக்கொள்ளுங்களேன். செயலாளரிடம் கேட்டேன், "யாரு தம்பி இந்தப் பட்டம் குடுத்தது?" என்று. அழைப்பிதழை ஏஐ எழுதியதாம். அச்சகத்தில் பெயரைத் தப்பாகப் போட்டால் போய் அச்சகக்காரரைத் திட்டலாம், அவரும் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பார். இதற்கு யாரைத் திட்டுவது? சரி, ஏஐ பற்றி இன்றைக்கு இவ்வளவு போதும்.

கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, நீங்க படிச்சதெல்லாம் நடந்துருச்சா?" ஏதோ நான் நாடி ஜோசியம் படிப்பதுபோல. நடந்ததும் உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1945-ல் ஒரு வயர்லெஸ் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், கீழேயிருந்து பார்த்தால் ஓரிடத்தில் நிற்பதுபோல இருக்கும், அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் பூராவும் ஒலிபரப்பலாம் என்று. அப்போது மனிதன் ஒரு தகர டப்பாவைக்கூட விண்வெளிச் சுற்றில் விட்டிருக்கவில்லை. அந்த மனுஷன் பிற்பாடு கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலேயே வந்து குடியேறி, 2008-ல் அங்கேயே காலமானார்.

கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த நம் மொட்டை மாடிகளில் டிஷ் வந்தது அந்தக் கணக்கால்தான். கிளார்க் சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் எங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமண நாடகம் போட வந்த ராஜபார்ட், முகத்தில் பவுடரோடும் தலையில் கிரீடத்தோடும், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக டிவியைப் பார்த்துக்கொண்டு, "இந்த சீரியல் முடியட்டும், அப்பத்தான் சனம் வரும்" என்று காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதை எந்தக் கட்டுரையிலும் எவரும் எழுதவில்லை.

கருவி வரும் என்று சொல்வது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த கதைகள் கருவி வந்த மறுநாள் காலையில் தொடங்குகிறவை. எங்கள் அப்பத்தா கதை சொல்லும்போது நாங்கள் ஒவ்வொரு வரிக்கும் "அப்புறம்?" என்போம். அந்த "அப்புறம்?" பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பேப்பரை விரித்தாலும் அதேதான் வருகிறது.

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் எனக்குப் பழைய வாடிக்கை. தோட்டத்துக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி எந்நேரத்துக்கு வரும் என்று தெரியாது. வந்தவுடன் டார்ச்சும் கம்புமாக வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட வேண்டும். பாம்பு இருக்கும், பன்றி இருக்கும். இதற்கு ஒரு கருவி வந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. வீட்டில் படுத்துக்கொண்டே செல்போனில் அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொரு கால் கொடுத்தால் நிற்கும். விஞ்ஞானக் கதையில் வந்திருந்தால் "ஆஹா" என்று பக்கத்தை மடித்து வைத்திருப்பேன். அவரும் வாங்கி மாட்டினார். மாட்டின வருஷம் மனிதர் முகமே தெளிவாகிவிட்டது, ராத்திரி தூங்கினார் அல்லவா.

அப்புறம்? டார்ச்சோடு நடந்துபோன காலத்தில் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கிணற்றடியில் பத்து நிமிஷம் நிற்பார். தண்ணீர் குறைந்தால் குழாய் காற்று வாங்கும், அந்தக் கரகரப்புக் காதில் விழும், ஓடிப்போய் அணைத்துவிடுவார். போனில் அந்தச் சத்தம் கேட்காது. போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடாகிக் காயில் கருகி என்னிடம் வந்தது. அந்தப் பெட்டியில் ட்ரை ரன் பாதுகாப்பு, அதாவது தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரைத் தானே நிறுத்துகிற வசதி இருந்தது, இல்லாமல் இல்லை. அது அடிக்கடி நிறுத்திவிடுகிறது என்று இவரே ஒரு பையனை வைத்து அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். அந்த வருஷம் அவர் மோட்டாரை நான் மூன்று தடவை கட்டினேன். கூலி எனக்கு. கிணற்றில் தண்ணீர் ஐந்தாறு முழம் கீழே போனது அவருக்கு. இதில் யார் மேல் தப்பு என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ராத்திரி தூங்க ஆசைப்படுவது ஒரு குற்றமா?

இன்னொன்று. எங்கள் கடைக்கு எதிரே ஒரு அக்கா சாயங்காலம் இட்லிக் கடை போடுகிறார். யூபிஐ 2016-ல் வந்தது. கொஞ்ச வருஷத்தில் அக்கா கடையிலும் க்யூஆர் அட்டை வந்தது, பின்னாலேயே அந்தப் பேசும் பெட்டி. காசு ஏறியவுடன் "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கணக்குத் தெரிகிறது, ஏமாற்ற முடியாது, நல்ல ஏற்பாடு என்று நானே பாராட்டிப் பேசியிருக்கிறேன்.

அக்கா ஒரு தினவட்டிக்காரரிடம் கடன் வாங்கியிருந்தார். அவர் தினம் எட்டரைக்கு வருவார். முன்பெல்லாம் அக்கா சுருக்குப் பையைத் தடவிப் பார்த்து, "இன்னைக்கு யாவாரமே இல்லண்ணே, நாளைக்குச் சேத்துத் தாரேன்" என்பார். இருக்கும், இல்லாமலும் இருக்கும். பையில் எவ்வளவு என்று அக்காவுக்கும் மீனாட்சிக்கும் மட்டும்தான் தெரியும். பெட்டி வந்தபிறகு அந்த ஆள் ஏழு மணிக்கே வந்து, எதிர் பெஞ்சில் டீயை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். பேச வேண்டிய அவசியமே இல்லை, பெட்டி பேசுகிறது, அவர் விரல் மடக்கி எண்ணுகிறார். கந்துவட்டிக்கு எதிராக நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது, அது வேறு விஷயம். அக்கா பெட்டியின் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். குறைத்தவுடன் எவனோ பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் பன்னிரண்டு இட்லியோடு போய்விட்டான். இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? பெட்டி முழுச் சத்தத்தில் இருக்கிறது. தெரிந்த முகமாக இருந்தால் மட்டும் குனிந்து, "தம்பி, இருந்தா நோட்டாக் குடுத்துட்டுப் போ" என்கிறார். நான் நோட்டாகவே கொடுக்கிறேன்.

நம்மூர்ச் செய்தி என்றால் தெர்மோகோலை விட்டுவிட்டுப் போக முடியாது. சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தவன்தான். 2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மோகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி மிதக்கவிட்டார்கள். மந்திரியும் அதிகாரிகளும் கிளம்புவதற்குள் காற்று அதைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கிவிட்டது. நாடே சிரித்தது. ஆனால் ஒரு விஞ்ஞானக் கதை ரசிகனாக எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தண்ணீரை மூடுகிற யோசனை கிறுக்குத்தனம் கிடையாது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2015-ல், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்காரர்கள் தங்கள் நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளைக் கொட்டினார்கள். அவர்களுக்கு முக்கியக் காரணம் ஆவியாதல்கூட இல்லை. வெயில் பட்டால் தண்ணீரில் இருக்கும் புரோமைடும் குளோரினும் சேர்ந்து கெடுதலான ஒரு பொருளாக மாறுகிறது, அதைத் தடுக்கத்தான். ஆவியாதல் குறைந்தது கூடுதல் லாபம். அந்தப் பந்து ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் அடைத்திருந்தார்கள், காற்றில் பறக்காமல் இருக்க.

வித்தியாசம் அந்த ஒரு வாய்த் தண்ணீர்தான். வைகை அணை இருப்பது ஆண்டிபட்டி பக்கம். காற்றாலை நட்டு வைத்திருக்கிற ஊர் அது. அங்கே போய் எடையே இல்லாத பொருளை மிதக்கவிடலாமா? ஒரு சின்னக் கண்மாயில் ஒரு வாரம் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யோசித்ததற்காக நாம் சிரித்தோம், சோதிக்காததற்காகச் சிரித்திருக்க வேண்டும். குஜராத்தில் 2012-லேயே ஒரு வாய்க்காலின் மேல் சூரியத் தகடுகளைக் கூரைபோலப் பரப்பினார்கள், கரண்டும் ஆச்சு, நிழலும் ஆச்சு. இங்கே இனி எந்த இன்ஜினியராவது "வைகைத் தண்ணீரை மூடலாமா சார்" என்று ஒரு கூட்டத்தில் வாயைத் திறப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

வைகையில் வரும் தண்ணீரே ஒரு விஞ்ஞானக் கதை. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பக்கம் திருப்பியது 1895-ல். அந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுயிக்குக்குத் தேனி மாவட்டத்தில் பொங்கல் வைக்கிறார்கள், வைக்க வேண்டியதுதான். நான் சொல்ல வந்தது அணைக்கு நிலம் எடுத்த ஒப்பந்தத்தைப் பற்றி. 1886-ல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் நடந்த குத்தகை, 999 வருஷத்துக்கு. அதாவது கி.பி. 2885 வரைக்கும். நான் படித்த கதைகளில்கூட அந்த வருஷம் வரை போக நிறைய பேருக்குத் தைரியம் இல்லை. ஏக்கருக்கு வருஷ வாடகை 5 ரூபாய்! 999 வருஷமும் 5 ரூபாய் அதே 5 ரூபாயாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள், பாருங்கள். 84 வருஷம்தான் தாங்கியது, 1970-ல் 30 ரூபாய் ஆக்கினார்கள்.

கையெழுத்துப் போட்ட இரண்டு அரசுகளும் 63 வருஷத்துக்குள் காணாமல் போய்விட்டன. வெள்ளைக்காரன் 1947-ல் போனான், 1949-ல் திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்தது. காகிதம் மட்டும் உயிரோடு இருந்து கோர்ட்டுக்குப் போய்வருகிறது. 2885-க்கு இன்னும் 860 வருஷம் இருக்கிறது என்று வையுங்கள். அதே அளவு பின்னால் போனால், இதே மதுரைக்காகப் பாண்டியர்கள் பங்காளிச் சண்டை போட்டு, இலங்கைப் படையும் சோழப் படையும் உள்ளே வந்த காலம். அன்றைக்கு எவராவது நமக்காக ஒரு குத்தகை எழுதி வைத்திருந்தால், அந்த ஓலையை நாம் என்ன செய்திருப்போம்?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா இருக்கிறார். எல்லார் வீட்டுக் குழுவிலும் இருப்பார். போன மாதம் ஒன்றை அனுப்பினார்: பாண்டியன் மதுரைக் கோட்டையில் ரோபோ வைத்திருந்தானாம். ஆதாரம் சிலப்பதிகாரம். சிலப்பதிகாரத்தில் அந்த இடம் நிஜமாகவே இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் வரும் நேரத்தில் மதுரை மதிலில் இருந்த பொறிகளை அடுக்குகிறார் இளங்கோ. தானே வளைந்து எய்யும் வில், கல் வீசும் கவண், அப்புறம் கருவிரல் ஊகம். கறுத்த விரல்களோடு குரங்கு வடிவத்தில் செய்த ஒரு பொறி. மதிலை நெருங்குகிறவனைப் பிடித்துக் கடிக்குமாம்.

நான் எழுதினேன், "மாமா, கவண் இருந்திருக்கும், குரங்கு அவர் கற்பனையா இருக்கலாம்ல" என்று. மாமா மூன்று நாள் பேசவில்லை. முன்னோரைக் குறைத்துவிட்டேனாம். எனக்கு அது புரியவே இல்லை. குரங்குப் பொறி நிஜத்தில் இருந்தது என்றால் இளங்கோ பார்த்ததை எழுதிய நிருபர். இல்லாத ஒன்றை, அதுவும் விரலின் நிறம் முதற்கொண்டு, மனசிலேயே செய்து மதிலில் ஏற்றி வைத்தார் என்றால் அவர் எங்கள் ஆள், எங்கள் கோஷ்டிக்கே மூத்தவர். இதில் எது பெருமை? முன்னோர் நிஜத்தில் வைத்திருந்ததைப் பார்க்க வேண்டும் என்றால் பஸ் ஏறிக் கீழடிக்குப் போங்கள், 2023-ல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். சொந்தப் பெயரைக் கீறி வைத்த பானை ஓடு இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருத்தன் "இது என் பானை, தொடாதே" என்று எழுதியிருக்கிறான். மாமாவை அழைத்துப்போனேன். அவரும் அந்த ஓட்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்து ஜிகர்தண்டா குடித்த பிறகுதான் பேச்சே வந்தது.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். ஒன்றே ஒன்று. எதிர்காலம் எதிர்காலம் என்று படித்துக்கொண்டிருந்த என் கடைக்குள்ளேயே அது ஒருநாள் வந்து உட்கார்ந்தது. பிஎல்டிசி விசிறி, எலக்ட்ரானிக் போர்டு வைத்து ஓடுகிற புது ரகம். பழைய விசிறி 75 வாட் இழுத்தால் இது 30 வாட் பக்கம்தான் இழுக்கிறது. கெட்டுப்போனால் பெரும்பாலும் காயில் போவதில்லை, உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போகிறது. போர்டை மாற்ற நான் எதற்கு? முதல் விசிறியைக் கழற்றிப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எல்லாரைப் பற்றியும் நான் கேட்கிற "அப்புறம்?" என்னைப் பற்றி மட்டும் கேட்க வரவில்லை. இப்போது பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன் வாரத்தில் இரண்டு நாள் வந்து எனக்குப் போர்டு ரிப்பேர் சொல்லிக்கொடுக்கிறான். நான் அவனுக்குக் காயில் கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். அவன் வேகமாகக் கற்றுக்கொள்கிறான், நான் இன்னும் சால்டரிங்கில் விரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேலே ஓடுகிற இந்த விசிறி பழைய ரகம். பார்த்தவுடனே தெரிந்தது, நான் கட்டிக்கொடுத்ததுதான். அந்தக் கடகட சத்தம் காயில் இல்லை, பேரிங். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு ஏணி கொண்டுவந்தால் பார்த்துவிட்டே போகிறேன்.